கொக்கியில 925, கொலுசுல எவ்வளவு?

"925னு அடிச்சிருக்கு பாருங்க"ன்னு இனிமே யாராவது வெள்ளி நகையைக் காட்டி என்கிட்ட சொன்னா நல்லா கேட்டுடுவேன். ரெண்டு வாரமா வயிறு எரியுது, இங்கயாவது கொட்டினாத்தான் ஆறும்.

எதிர்வீட்டு அக்கா அவங்க பொண்ணோட பழைய கொலுசை விக்கிறேன்னாங்க. 120 கிராம், நல்ல கனம், முத்து வச்சது, சேலத்து வேலைப்பாடு. புதுசு எடுத்தா செய்கூலி சேதாரம்னு ஒரு தொகை போயிடும், இதுல எடைக்கு மட்டும் காசு குடுத்தா போதும்னுதான் என் பொண்ணுக்கு வாங்கினேன். கண்ணை மூடிட்டு ஒண்ணும் வாங்கல, லென்ஸ் வச்சு கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், குட்டியா 925, பக்கத்துல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. 925னா நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டரை வெள்ளி, மீதி ஏழரை பெரும்பாலும் செம்பு. அந்தக் கணக்குப்படி 111 கிராம் சுத்த வெள்ளிக்கான காசை எண்ணிக் குடுத்தேன், அதுவும் கிராம் இருநூறு ரூபாயைத் தாண்டி நிக்கிற நேரத்துல.

பொண்ணு காலுக்கு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, சரி மாத்திக்கலாம்னு கடைத்தெருவுக்குப் போனேன். முதல் கடைக்காரர் எடை போடுறதுக்கு முன்னாடியே "எங்க கடை சீல் இல்லையேம்மா"ன்னாரு, அப்புறம் மெஷின்ல வச்சு 68 டச்னாரு, அதாவது நூத்துக்கு 68 தான் வெள்ளி. ரெண்டாவது கடையில 74. மூணாவது கடையில மெஷினே கிடையாது, அந்த ஆள் அரத்தை எடுத்து பத்தவச்ச இடத்துல நாலு இழுப்பு ராவி, லேசா செம்பு நிறம் தெரிஞ்சதும் "60க்கு மேல ஒரு பைசா போட முடியாது"ன்னு தள்ளி வச்சுட்டாரு. ஒரே கொலுசு, ஒரே மத்தியானம், ஒரே தெரு, மூணு நம்பர்! ரொம்ப நல்லா சொன்ன அந்த 74ஐயே வச்சுக்கிட்டாலும் 88.8 கிராம்தான் வருது. 22 கிராம் வெள்ளி எங்கங்க போச்சு?

இதுல எது உண்மைன்னு எப்படித் தெரிஞ்சுக்குறது? அந்த மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும், மேல நல்ல முலாம் இருந்தா நம்பர் ஏறும், ராவின இடத்துல வச்சா இறங்கும். கொக்கி ஒரு தரம், சங்கிலி ஒரு தரம், முத்து ஒரு தரம், வளையத்துக்கு வளையம் பத்தவைக்கிற பொடியில வெள்ளி இன்னும் கம்மி. ஆனா சீல் மட்டும் கொக்கியில! சரியாத் தெரியணும்னா உருக்கிப் பார்க்கணும்ங்கிறாங்க. உருக்கின பிறகு "வேணாம், கொலுசையே குடுங்க"ன்னு கேக்க முடியுமா?

அப்புறம்தான் உக்காந்து தேடிப் படிச்சேன். வெறும் 925ங்கிறது ஹால்மார்க்கே இல்லைங்க. பிஐஎஸ்னு மத்திய அரசோட தர நிர்ணய அமைப்பு இருக்கு, அவங்க ஹால்மார்க்னா அவங்க முக்கோண முத்திரை இருக்கணும், அதோட தர நம்பர் இருக்கணும், பழைய நகைன்னா சோதிச்ச சென்டரோட அடையாளமும் கடையோட அடையாளமும் சேர்ந்து இருக்கணும். வெறும் நம்பர் அச்சை யார் வேணா வாங்கி யார் வேணா அடிக்கலாம். தங்கத்துக்கு 2021 ஜூன்ல கட்டாயம் ஆக்கினாங்க, 2023 ஏப்ரல்ல இருந்து ஹெச்யூஐடி, அதாவது எழுத்தும் நம்பரும் கலந்து ஒவ்வொரு நகைக்கும் தனியா குத்துற ஆறு இலக்க அடையாளம், இல்லாம கடையில விக்கவே கூடாதுன்னாங்க. வெள்ளிக்கு 2005லயே ஹால்மார்க் வந்துடுச்சு, ஆனா இஷ்டப்பட்டா போட்டுக்கலாம். 2025 செப்டம்பர்ல வெள்ளிக்கும் ஹெச்யூஐடி வந்துச்சு, அதுவும் இஷ்டப்பட்டா! இங்கிலாந்துல 1300லயே ராஜா சட்டம் போட்டு, சோதிச்சு சிறுத்தைத் தலை குத்தாத வெள்ளிச் சாமானை விக்கக் கூடாதுன்னு வச்சாங்க. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடிங்க. தங்கம் வாங்க முடியாதவங்கதான் வெள்ளி வாங்குறோம், எங்களுக்கு மட்டும் எதுக்கு இஷ்டப்பட்டா?

இன்னொரு பக்கம் வீடியோ போடுறவங்க. காந்தம் ஒட்டலைன்னா சுத்த வெள்ளியாம். செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது, இதெல்லாம் வெள்ளியா? கருத்துப் போனா டூப்பாம், நல்ல வெள்ளியே காத்துல இருக்கிற கந்தகத்துக்குக் கருக்கத்தான் செய்யும். ஜெர்மன் சில்வர்னு பேர் வச்சு விக்கிறதுல பொட்டு வெள்ளி கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம் அவ்வளவுதான், அதையும் வெள்ளின்னு நம்பி வாங்கி சாமி ரூம்ல வச்சிருக்காங்க.

எனக்கு காசு போனது கூட ரெண்டாம் பட்சம். அக்கா ஏமாத்தல. விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறிப் போய் பீரோவைக் குடைஞ்சு பதினோரு வருஷத்துக்கு முந்தின பில்லைத் தேடி எடுத்துட்டு வந்தாங்க. "வெள்ளி கொலுசு 1 ஜோடி", எடை, செய்கூலி, மொத்தம். தரம்னு ஒரு வார்த்தை இல்ல. அவங்ககிட்ட அந்தக் கடைக்காரன் வாயில 92னு சொல்லி அந்த விலைக்கே வித்திருக்கான், அவங்க அதை நம்பி என்கிட்ட சொன்னாங்க. திருடினவன் எங்கயோ கல்லாவுல உக்காந்திருக்கான், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க முடியாம நிக்கிறது நாங்க ரெண்டு பேரும்.

மறுநாள் அக்கா கூடுதலா வாங்கின காசை கவர்ல போட்டு எடுத்துட்டு வந்து "வாங்கிக்கோ தங்கம்"னு கையில திணிச்சாங்க. நான் வாங்கல. அவங்களும் விடல, திண்ணையில வச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தக் கவர் இன்னும் பிரிக்காம டிவி ஸ்டாண்ட் மேல இருக்கு, நான் காலையில கோலம் போடும்போது முன்னெல்லாம் வாசலுக்கு வந்து பேசிட்டுப் போற அக்கா, இப்ப நான் உள்ள போன பிறகுதான் கதவைத் திறக்குறாங்க.