முதலில் கால் தவறு விதியை மாற்றுங்கள்

வட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃபில் ஆட்ட நேரத்துக்கான விதியைக் கடுமையாக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருப்பது சரிதான், ஒரு எறிக்கு 30 விநாடியைத் தாண்டினால் முதல் தடவை வெறும் எச்சரிக்கை என்பதால் யாரும் பயப்படுவதே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் அதைவிட அவசரமாக மாற்ற வேண்டியது கால் தவறு விதி. வட்டு விழுந்த இடத்தில் மினியை, அதாவது இடத்தைக் குறிக்கும் சின்ன வட்டை, வைத்த பிறகு அதற்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் உள்ள சின்ன இடத்துக்குள் கால் இருக்க வேண்டும். நின்று எறிந்தால் பரவாயில்லை, ஓடிவந்து எறியும்போது அதில் காலைச் சரியாக வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் லீகில் ஒருவர் ஈர இலைமேல் ஓடிவந்து எறிந்தார், குதிகால் தடம் மினிக்கு ஒரு அடி இடப்பக்கம் மண்ணில் அப்படியே பதிந்திருந்தது. கால் தவறு என்று நான் சொன்னேன். ஆனால் குழுவில் இன்னொருவரும் ஆமாம் என்று சொன்னால்தான் அது தவறாகக் கணக்கில் வரும், மற்ற இருவரும் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்கள்! நண்பர்களுக்குள் யார் பகைத்துக்கொள்வார்கள்? அப்புறம் மூன்று குழிக்கு யாரும் பேசவில்லை.

கூடைக்கு 10 மீட்டருக்கு வெளியே இருந்து எறியும்போதாவது அந்த இடத்தை இரண்டு மடங்கு அகலமாக்கிவிடுங்கள். அதற்கப்புறமும் வெளியே மிதித்தால் ஒருவர் சொன்னாலே அபராதம் என்று வையுங்கள்.