ஆத்திசூடி பள்ளிக்கூடத்துல, களவாணித்தனம் தராசுல

"அஃகஞ் சுருக்கேல்"னு பசங்களைக் கத்தி ஒப்பிக்க விடுறோம். அளவைக் குறைச்சு விக்காதேன்னு ஔவையார் சொன்னது. சாயங்காலம் அதே பிள்ளை கையில ஐந்நூறு ரூபாயைத் திணிச்சு, "ஓடிப்போய் ஒரு கிலோ சங்கரா மீன் வாங்கிட்டு வா"ன்னு அனுப்புறோம். எடையில அடி வாங்குறது யாரு? அந்தப் பிள்ளைதான். பெரியவங்க போனா டிஸ்ப்ளேவைப் பாப்பாங்க, சத்தம் போடுவாங்க. பத்து வயசுப் பொண்ணு என்னத்தைக் கேக்கும்?

எல்லாரையும் சொல்லல. சென்னை காசிமேட்டுல மீனைக் கூறு போட்டு விக்கிற அம்மாங்ககிட்ட இந்த வம்பே கிடையாது. கண்ணு முன்னாடி இருக்கு, பேரம் பேசு, எடுத்துட்டுப் போ. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைன்னு தெருவுக்குள்ள தராசு வெச்சிருக்கிற சில பேருதான் இந்த வேலையைக் காட்டுறாங்க.

எப்படின்னு கேளுங்க. காலித் தட்டை வெச்சு 'டேர்' பட்டனை அமுக்கினா டிஸ்ப்ளே பூஜ்யமாகணும், அப்புறம்தான் மீனைப் போடணும். இவங்க அமுக்க மாட்டாங்க. 80 கிராம் தட்டும் மீனோட சேந்துடும். கிலோ 400 ரூபாய்னா தட்டுக்கு மட்டும் 32 ரூபாய் அழுவுறோம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விலை எகிறி நிக்கும்போது இன்னும் எரியும். கண்டுபிடிக்க வழி இருக்கு: மீனோட தட்டைத் தூக்கினதும் டிஸ்ப்ளேவைப் பாருங்க. மைனஸ் 80ன்னு காட்டினா தட்டைக் கழிச்சிருக்காங்க. பூஜ்யம் காட்டினா தட்டுக்கும் சேத்துக் காசு குடுத்திருக்கீங்க. ஐஸும் தண்ணியும் வழிய வழிய நிறுத்துறது தனிக் கணக்கு.

காய்கறி வண்டி கைத்தராசுல வேற தினுசு. இரும்புப் படிக்கல்லோட அடியில ஒரு குழி, அதுல ஈயம் ஊத்தி அது மேலதான் அரசு முத்திரை குத்துவாங்க. ஈயத்தைச் சுரண்டி எடுத்துட்டா கல்லு எளைச்சுடும். அதனால கல்லைத் திருப்பிப் பாருங்க. கருங்கல்லு, செங்கல்லு வெச்சு நிறுத்தா அங்க பேச்சே வேணாம். தராசுக் கோலுல தில்லுமுல்லு இருக்கும்னு தோணினா காயையும் கல்லையும் தட்டு மாத்திப் போடச் சொல்லுங்க, சாயம் வெளுத்துடும்.

எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை புதுப்பிக்கணும், படிக்கல்லுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம். இதுக்குன்னே 2009 எடையளவுச் சட்டம் இருக்கு. தமிழ்நாட்டுல தொழிலாளர் துறைதான் இதைப் பாக்குது. எத்தனை கடையில முத்திரை கண்ணுல படுதுன்னு நீங்களே பாருங்க.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன புண்ணியம்? அஞ்சு வயசு தாண்டினா பஸ்ல அரை டிக்கெட். கண்டக்டர் கேட்டா "நாலுன்னு சொல்லுடா"ன்னு ஏழு வயசுப் பையன் தொடையைக் கிள்ளுற அப்பா அம்மா நம்ம ஏரியாவுல இல்லியா? வாடகை கேட்டு ஹவுஸ் ஓனர் வந்தா "அப்பா இல்லன்னு சொல்லு". இவங்கதான் டீக்கடையில உக்காந்து "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒழுக்கமே இல்ல"ன்னு லெக்சர் அடிக்கிறாங்க. பசங்க என்ன ஆகாசத்துல இருந்தா கத்துக்கிட்டு வந்தாங்க?

பிள்ளையைக் கடைக்கு அனுப்புறதா இருந்தா தட்டு விஷயத்தைச் சொல்லிக் குடுத்து அனுப்புங்க. சீல் ஒடைக்காத ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலையும் கையில குடுங்க. தண்ணி ஒரு கிலோ, காலி பாட்டில் ஏதோ இருவது முப்பது கிராம். தராசுல வெச்சா 1,100ன்னு காட்டுதா, அது கோளாறு பண்ணின தராசு. "நம்பிக்கை இல்லன்னா வேற கடை பாரு"ன்னு பிள்ளைகிட்ட எகிறினாங்கன்னா, நீங்க நேர்ல போய் முத்திரை எங்கன்னு கேளுங்க. காட்டலைன்னா கடை விவரத்தைக் குறிச்சுக்கிட்டு, பிள்ளை பக்கத்துல இருக்கும்போதே 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிங்க.