யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் வளர்ந்த கம்பெனி

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை இருநூறு மணி நேரத்துக்கு மேல் ஆடித் தீர்த்தவன். சாப்பிட்டுக்கொண்டே, "ஃப்ரம்சாஃப்ட்வேர்காரங்க எப்படி மாமா எடுத்த எடுப்பிலேயே இப்படி ஒரு கேம் பண்ணாங்க?" என்றான். எனக்குப் புரையேறிவிட்டது. எடுத்த எடுப்பிலேயா? எல்டன் ரிங் வந்தபோது அந்தக் கம்பெனிக்கு வயது 35. அதில் முதல் இருபது வருடத்துக்கு மேல் ஜப்பானுக்கு வெளியே விரல் விட்டு எண்ணக்கூடிய ரசிகர்களைத் தவிர யாருக்கும் அதன் பெயர் தெரியாது. அன்றைக்கு அவனிடம் பாதிதான் சொன்னேன், சோறு ஆறிப்போகும் என்று அக்கா அதட்டியதால். மீதியை இங்கே கொட்டுகிறேன்.

ஃப்ரம்சாஃப்ட்வேர் என்றதும் எல்லாரும் பேசுவது "கஷ்டமான கேம்" என்பதைத்தான். என் கட்சி வேறு. அந்தக் கம்பெனியை வளர்த்தது கஷ்டம் அல்ல. யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் நீண்ட காலம் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் வளர்த்தது.

1986 நவம்பரில் டோக்கியோவில் நாவோதோஷி ஜின் என்பவர் இதைத் தொடங்கினார். விளையாட்டு செய்வதற்காக அல்ல. அலுவலகங்களுக்கான மென்பொருள் எழுதுவதுதான் தொழில். பெயரிலேயே "சாஃப்ட்வேர்" ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்து மிச்சம். எட்டு வருடம் இப்படியே போனது. 1994 டிசம்பர் 3ஆம் தேதி சோனியின் முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டே வாரத்தில், 16ஆம் தேதி, இவர்களுடைய முதல் கேம் கிங்ஸ் ஃபீல்ட் வந்துவிட்டது.

கிங்ஸ் ஃபீல்டை இன்று போட்டுப் பார்த்தால் பொறுமை போய்விடும். நம் பாத்திரம் மாட்டுவண்டி வேகத்தில் நகரும். வாளை ஒருமுறை வீசிவிட்டால் அடுத்த வீச்சுக்குக் காத்திருக்க வேண்டும். எங்கே போவது, யாரை நம்புவது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இருட்டு, ஈரக்கல் சுவர், திடீரென்று முகத்துக்கு நேரே ஓர் எலும்புக்கூடு. ஆனால் கூர்ந்து பார்த்தால் பின்னால் வந்த எல்லாமே அங்கே இருக்கிறது. வாய் திறக்காத உலகம், தப்பாக ஓர் அடி வைத்தால் சாவு, மூலையில் ஒளித்துவைத்த நிலவொளி வாள் கூட. அந்த வாள் இன்று வரை இவர்களுடைய கேம்களில் வேறு வேறு வடிவத்தில் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் கிங்ஸ் ஃபீல்ட் அப்போது அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. இரண்டாம் பாகத்தைத்தான் முதல் பாகம் போல அங்கே விற்றார்கள். இத்தனைக்கும் ஒன்றரை வருடத்தில் மூன்று பாகம் செய்து முடித்திருந்தார்கள்.

1997இல் ஆர்மர்ட் கோர். ராட்சத எந்திர மனிதனைத் தலை, கை, கால், ஜெனரேட்டர் என்று பாகம் பாகமாக நாமே சேர்த்துக் கட்டிக்கொண்டு கூலிக்குச் சண்டை போட வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது கணக்குப் பார்க்கும் திரைதான். வேலையை முடித்தால் சம்பளம் வரும், அதிலிருந்து சுட்ட குண்டுக்கும் சேதத்துக்கும் காசு பிடித்துக்கொள்வார்கள். ஜெயித்துவிட்டும் நஷ்டத்தில் வீடு திரும்பலாம்! கடன் ஓர் அளவைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வராது. உங்கள் உடம்பைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, கூடுதல் சக்தியோடு மறுபடி முதலிலிருந்து ஆட விடுவார்கள். தோல்வியையே ஒரு கதவாக வைப்பது என்ற யோசனை இவர்களுக்கு, பின்னால் சொல்லப்போகும் டீமன்ஸ் சோல்ஸ் வந்த 2009இல், திடீரென்று வரவில்லை. 97லேயே இருந்தது.

அதன் பிறகு பத்து வருடம் என்னென்னவோ செய்தார்கள். பேய்க் கப்பல் கதை, சீட்டுக்கட்டு வைத்து ஆடும் சண்டை, பழைய ஜப்பானியப் பேய் புராணம். எல்லாமே சின்ன பட்ஜெட், சுமாரான விற்பனை. மெட்டல் வுல்ஃப் கேயாஸ் என்று ஒன்று. அமெரிக்க ஜனாதிபதி எந்திரக் கவசத்துக்குள் ஏறிக்கொண்டு, ஆட்சியைக் கவிழ்த்த துணை ஜனாதிபதியோடு மோதுகிறார். வசனம் எல்லாம் ஆங்கிலம். வெளியிட்டதோ 2004இல், ஜப்பானில் மட்டும், அந்த நாட்டில் யாரும் வாங்காத எக்ஸ்பாக்ஸுக்கு. இதை யார் வாங்குவார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவராவது கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேட்காததுதான் நமக்கு நல்லதாகப் போயிற்று. (2019இல் தூசி தட்டி உலகம் முழுக்க வெளியிட்டார்கள். ஆடிப் பாருங்கள், சிரித்து வயிறு வலிக்கும்.)

அதே 2004இல்தான் ஹிடெடாகா மியாசாகி உள்ளே வருகிறார். அனிமேஷன் படம் எடுக்கும் கிப்லி ஸ்டுடியோ மியாசாகி அல்ல, இவர் வேறு, உறவும் இல்லை. ஷிசுவோகாவில் வசதி இல்லாத குடும்பம். புத்தகம் வாங்கக் காசில்லாமல் நூலகத்தில் எடுத்துப் படித்தவர். வயதுக்கு மீறிய புத்தகங்களில் பாதி புரியாது, புரியாத இடத்தைப் படங்களைப் பார்த்துக் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். பின்னால் இவர் செய்த டார்க் சோல்ஸ் கேமில் ஒரு மோதிரத்தின் விளக்கத்தில் இரண்டு வரி, ஒரு சிலையின் உடைந்த முகம் என்று துண்டு துண்டாகக் கதை கிடைக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கெய்யோ பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படித்துவிட்டு ஆரக்கிளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நண்பர் சொல்லி இகோ என்ற கேமை ஆடினார். இந்த வேலைதான் நமக்கு என்று முடிவு செய்தார். அப்போது வயது 29. அனுபவம் இல்லாத அந்த வயதுக்காரரைச் சேர்த்துக்கொள்ள அதிகம் பேர் தயாராக இல்லை. ஃப்ரம்சாஃப்ட்வேர் சேர்த்துக்கொண்டது. ஓர் ஆர்மர்ட் கோர் பாகத்தில் சாதாரண வேலை, இரண்டே வருடத்தில் அடுத்த பாகத்துக்கு இயக்குநர். பெரிய கம்பெனியில் இது நடக்குமா? அங்கே பத்து வருடம் கதவுக்கும் ஜன்னலுக்கும் வண்ணம் தீட்டிய பிறகுதான் கூட்டத்திலேயே உட்கார விடுவார்கள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தின் இன்னொரு பக்கம் ஒரு கேம் இழுபறியில் கிடந்தது. கிங்ஸ் ஃபீல்ட் மாதிரி ஒன்றை மறுபடி செய்யலாம் என்று சோனியோடு சேர்ந்து தொடங்கிய வேலை. எப்படியும் ஊற்றிக்கொள்ளும் என்று எல்லாரும் கை கழுவியிருந்தார்கள். மியாசாகி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காரணத்தையும் பின்னாளில் மறைக்காமல் சொன்னார்: ஏற்கெனவே தோற்றுப்போன ஒன்று என்பதால் தன் இஷ்டத்துக்கு மாற்றலாம், கெடுத்தாலும் கேட்பார் இல்லை. அதுதான் டீமன்ஸ் சோல்ஸ்.

2009 பிப்ரவரியில் ஜப்பானில் வந்தது. அதற்கு முந்தைய வருடக் கண்காட்சியில் ஆடிப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். சோனியின் பெரிய பொறுப்பில் இருந்த ஷூஹெய் யோஷிதாவே இரண்டு மணி நேரம் ஆடியும் ஆரம்பத்தைத் தாண்ட முடியாமல் கடுப்பாகி, இது மட்டம் என்று தள்ளிவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். ஆசியாவுக்கு வெளியே வெளியிட மாட்டோம் என்று சோனி கையை விரித்தது. ஆனால் ஆசியப் பதிப்பில் ஆங்கிலம் இருந்தது. அமெரிக்காவில் இருந்த சிலர் அதைத் தருவித்து ஆடிவிட்டு, ஊர் முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் அட்லஸ் என்ற சின்ன வெளியீட்டாளர் அதே வருடம் அக்டோபரில் அங்கே கொண்டு வந்தது. விளம்பரத்தால் அல்ல, வாய்ச்சொல்லால் ஓடிய கேம் அது.

அதில் வரும் முகம் தெரியாத உதவி, அதாவது தரையில் மற்ற ஆட்டக்காரர்கள் எழுதிவைக்கும் குறிப்புகள், நிழல் போல வந்து போகும் உருவங்கள், இதற்கு மியாசாகி சொன்ன கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பனி கொட்டும் ஒரு நாளில் மேட்டுச் சாலையில் கார்கள் ஏற முடியாமல் நின்றுவிட்டன. பின்னால் இருக்கும் கார் முன்னால் இருக்கும் காரை முட்டித் தள்ளி ஏற்றிவிட்டது, அடுத்தது அதற்கு அடுத்ததை. இவர் காரும் அப்படி ஏறியது. நிறுத்தி இறங்கி நன்றி சொல்ல வழியில்லை, நிறுத்தினால் மறுபடி சறுக்கும். வரிசையில் கடைசியாக நின்றவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாராம். ஓர் ஆன்லைன் வசதி இப்படிப் பிறந்ததாக நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. (நம் ஆட்கள் அதே வசதியை வைத்து மலை விளிம்பில் "முன்னால் புதையல்" என்று எழுதிவைத்து அடுத்தவனைக் குதிக்க வைப்பது வேறு கதை. நானும் குதித்திருக்கிறேன்.)

2011இல் டார்க் சோல்ஸ். நான் இவர்களிடம் மாட்டிக்கொண்டது இதில்தான், அதுவும் தாமதமாக. ஆரம்பத்திலேயே கையில் உடைந்த வாளின் பிடியை மட்டும் கொடுத்து, மேலிருந்து யானை அளவு அரக்கனைக் குதிக்க விடுவார்கள். நான் அதோடு பதினொரு தடவை சண்டை போட்டேன். இடது பக்கம் ஒரு கதவு திறந்தே இருக்கிறது, ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "காசு கொடுத்து சாகறதுக்கு இவ்வளவு ஆர்வமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டாவது தடவை அவள்தான் கதவைக் காட்டினாள்.

அதன் பிறகு ஏறுமுகம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2014இல் கடோகாவா என்ற ஜப்பானியப் பதிப்பகக் குழுமம் கம்பெனியை வாங்கியது. ஜின் விலக, சேர்ந்து பத்தே வருடத்தில் மியாசாகி தலைவரானார். 2015இல் பிளட்போர்ன், 2016இல் டார்க் சோல்ஸின் மூன்றாம் பாகம், 2019இல் செகிரோ. செகிரோ அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை வாங்கியது. 2022 பிப்ரவரி 25இல் எல்டன் ரிங். அந்த உலகத்தின் பழங்கதையை 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்துக்குள் 1.2 கோடிப் பிரதிகள், 2024 நடுவில் 2.5 கோடி.

இதில் நான் ரசித்த வேடிக்கை ஒன்று. வெளிநாட்டுக்கு வேண்டாம் என்று தள்ளிய அதே டீமன்ஸ் சோல்ஸைத்தான் சோனி புதுப்பித்து, 2020இல் பிளேஸ்டேஷன் 5 வெளிவந்த நாளில் கடை வாசலில் நிறுத்தியது. 2022இல் கம்பெனியில் 14.09 சதவீதப் பங்கையும் வாங்கிக்கொண்டது. கூடவே சீனாவின் டென்சென்ட் கம்பெனி 16.25 சதவீதம்.

எனக்கு வயிற்றைக் கலக்குவதும் இதுதான். தோற்றாலும் கேட்பார் இல்லை என்ற சுதந்திரம் இனி எங்கே? இன்று இவர்கள் தும்மினால் மூன்று பெரிய முதலாளிகள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொரு மெட்டல் வுல்ஃப் கேயாஸுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

முழுக்க அவநம்பிக்கையும் இல்லை. பத்து வருடமாகக் கிடப்பில் கிடந்த ஆர்மர்ட் கோரை 2023இல் மறுபடி எடுத்தார்கள், இயக்கியது மியாசாகி இல்லை, மசாரு யமமுரா. மூன்று பேர் சேர்ந்து ஆடும் நைட்ரெய்ன் 2025இல் வந்தது, அதுவும் வேறொருவர் கையில். ஆட்குறைப்பு இந்தத் தொழிலையே ஆட்டிக்கொண்டிருந்த 2024இல், தன் பொறுப்பில் இருக்கும் வரை அது இங்கே நடக்காது என்று மியாசாகி சொன்னார். சம்பளம் குறைவு என்று பேச்சு இருந்த கம்பெனி, அடிப்படைச் சம்பளத்தைச் சராசரியாக 11.8 சதவீதம் ஏற்றியது. புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதம் 2,60,000 யென்னிலிருந்து 3,00,000. உலகமே கொண்டாடிய பிறகுதான் இது நடந்தது என்பது உறுத்தாமல் இல்லை.

"பழைய அசைவுகளையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. உண்மைதான். டார்க் சோல்ஸில் பார்த்த கதவு திறக்கும் கையை எல்டன் ரிங்கிலும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு கேம் தர முடிவது இந்தச் சிக்கனத்தால்தான். ஒவ்வொரு செங்கல்லையும் புதிதாகச் சுடும் கம்பெனிகள் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு வீடு கட்டி, அது விற்கவில்லை என்றால் ஆட்களை வெளியே அனுப்புகின்றன.

எனக்கு ஒத்துக்கொள்ளாதது ரசிகர்கள் பண்ணும் அலட்டல். யாராவது கஷ்டமாக இருக்கிறது என்றால் போதும், "உனக்கு ஆடத் தெரியல" என்று பாய்கிறார்கள். இவர்கள் வணங்கும் மியாசாகியே தன் கேம்களில் அடிக்கடி சாகிறவர்தான், அவரே சொல்லியிருக்கிறார். எல்டன் ரிங்கில் துணைக்கு ஆவியை அழைக்கலாம், குதிரையில் ஏறி வேறு பக்கம் போய் வலு ஏற்றிக்கொண்டு வரலாம். அதைச் செய்தவர்களைக் கேலி பேசும் கூட்டத்துக்கு அந்தப் பனிச்சாலைக் கதையை யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

சரி, அக்கா மகனுக்கு வருவோம். போகும்போது டார்க் சோல்ஸை ஆடிப் பார் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் வந்தான்: "மாமா, பெருசா ஒண்ணு மேலேர்ந்து குதிக்குது. கையில உடைஞ்ச கத்திதான் இருக்கு. இத வச்சு என்ன பண்றது?"

"ஓடு" என்று மட்டும் பதில் போட்டேன்.