சுரை விதையும் ஒரு துண்டுச் சீட்டும்

போன ஆடியில் நான் ஊன்றிய சுரை, புரட்டாசி இரண்டாம் வாரத்தில் முதல் காயைத் தந்தது. இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் வளர்ந்த கொடி. மாடிப் படிக்கட்டின் கூரை மேல் கட்டிய நைலான் வலையில் ஏறி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை எட்டிப் பார்த்தது. காய் முழங்கை நீளம், நகம் பட்டால் உள்ளே இறங்கும் பிஞ்சு. படம் எடுத்து நம் மாடித் தோட்டக் குழுவில் போட்டேன், நூற்றுக்கும் மேற்பட்டோர் வாழ்த்தினார்கள். மறுநாள் காலையில் என் அம்மா அதை நறுக்க உட்கார்ந்தார். சுரை, பீர்க்கு, வெள்ளரி எதுவானாலும் காம்புப் பக்கத்தில் சிறு சில்லு ஒன்றை அரிந்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதை அரிவது அவருடைய வழக்கம். வைத்தார், உடனே முற்றத்தில் போய்த் துப்பினார். "இது பேய்ச்சுரை சேந்த காய்டி. மாட்டுக்குக்கூடப் போடாதே, குழி தோண்டிப் பொத" என்றார். பேய்ச்சுரை என்பது தானாகப் படரும் கசப்புக் காட்டுச் சுரை.

அந்த விதை நம் குழுவின் வழியாக எனக்கு வந்தது. அஞ்சல் உறைக்குள் சின்ன பிளாஸ்டிக் பை, பைக்குள் ஏழு விதை, பையின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய இரண்டே சொற்கள்: "நாட்டுச் சுரை". அனுப்பியவரிடம் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவருடைய பெயரை இங்கே சொல்லப் போவதும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சொற்கள் போதா என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

கசந்தது ஏன் என்று பலரும் கேட்டார்கள். வெயிலும் நீர்ப்பற்றாக்குறையும் கசப்பைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் என் கொடி தண்ணீருக்கு ஏங்கவில்லை. அடுத்து வந்த காய்களும் அப்படியே கசந்தன. காரணம் விதையில் இருந்தது. சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வெள்ளைப் பூக்கள் மாலையில் மலர்ந்து இரவு முழுவதும் விரிந்திருக்க, அந்துப்பூச்சியும் வண்டும் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அருகே எங்காவது காலி மனையிலோ வாய்க்கால் கரையிலோ பேய்ச்சுரை படர்ந்திருந்தால், அதன் மகரந்தம் நல்ல சுரையின் பெண் பூவுக்கு வந்து சேரத் தடையேதும் இல்லை. இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. அப்படிக் கலந்த பூவிலிருந்து வரும் காய் அந்த ஆண்டு கசக்காது, ஏனென்றால் காயின் சதை தாய்க் கொடியினுடையது. கலப்பு விதைக்குள் மட்டும் ஒளிந்திருக்கும், அந்த விதையை ஊன்றுபவரின் வீட்டில்தான் வெளிப்படும். ஆகவே எனக்கு அனுப்பியவர் தன் வீட்டில் தித்திப்பான சுரையைத் தின்றுவிட்டு, மனம் நிறைந்துதான் விதையை அனுப்பியிருப்பார்.

"கசப்புத்தானே, வேப்பம்பூ ரசமே குடிக்கிறோமே" என்று ஒருவர் கேலியாக எழுதியிருந்தார். பாகற்காயின் கசப்பு வேறு, சுரையில் வரும் கசப்பு வேறு. சுரைக்காயில் கசப்பைத் தருவது குக்கர்பிடேசின் என்னும் நச்சுப்பொருள். வேகவைத்தாலும் அது போகாது. 2010-ல் டெல்லியில் ஒருவர் கசந்த சாற்றைக் குடித்து உயிரிழந்தார்; அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. கசந்ததைக் குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும், சிலருக்கு இரத்த வாந்தியும் இரத்த அழுத்தச் சரிவும் ஏற்பட்டிருக்கின்றன. என் அம்மாவுக்கு இந்த வேதிப்பெயர் எதுவும் தெரியாது. சில்லு அரிந்து நாக்கில் வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அவருடைய அம்மாவுக்கும் அதுவே தெரிந்திருந்தது. சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை அவர்கள் விதையோடு சேர்த்தே கைமாற்றிக்கொண்டார்கள். நாம் விதையை மட்டும் அஞ்சலில் அனுப்புகிறோம்.

குழுவினால் நான் அடைந்த நன்மையை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன், தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த மாடித் தோட்டத் தொகுப்பை வாங்கி வந்தபோது, தென்னை நார்க்கழிவுக் கட்டியை நனைத்து, பிழிந்து, முதல் நீரைக் கொட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. செடிகள் வெளிறி நின்றபோது, திருப்பூரிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் முகம் தெரியாத மனிதர்கள் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கம் எழுதினார்கள். வீட்டில் கேட்டால் "கடையில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் கத்தரிக்காய்க்கு இத்தனை கூத்தா" என்று சிரிக்கும் வேளையில், ஒரு பிஞ்சு உதிர்ந்ததைத் துக்கமாகவே எடுத்துக்கொள்ளும் நூறு பேர் எங்கோ இருக்கிறார்கள் என்பது சாதாரண ஆறுதல் அல்ல.

அந்த நூறு பேரின் கண்கள் எப்போது பயன்படுகின்றன என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒருமுறை என் செம்பருத்தியிலும் கத்தரியிலும் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. அவற்றுக்கு நடுவில் கொஞ்சம் பெரிதாக, வெள்ளைப் பஞ்சுத் திரிகள் தொங்கும் உடலோடு சில புழுக்களும் இருந்தன. படம் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு பேர் வேப்பெண்ணெய்க் கரைசல் என்றும், மூன்று பேர் மீன் அமிலம் என்றும், ஒருவர் செடியையே பிடுங்கி எரிக்கும்படியும் சொல்லிவிட்டார்கள். பதினேழாவது ஆளாக வந்த ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார்: "தொட்டால் வேகமாக நகர்கிறதா? நீளம் எவ்வளவு?" ஈர்க்குச்சியால் தொட்டேன், விறுவிறுவென்று நகர்ந்தது. அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். "மருந்து எதையும் தெளிக்காதீர்கள் அம்மா. அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டது. உங்கள் வீட்டுக்குத் தானாக வந்திருக்கிறது" என்றார். மூன்று வாரத்தில் கத்தரி தெளிந்தது. பதினாறு பேர் உடனே விடை சொன்னார்கள்; பயன்பட்டதோ, விடைக்கு முன் விவரம் கேட்டவருடைய சொல்.

விதையிலும் இதே விவரத்தைத்தான் நான் கேட்கிறேன். எல்லா விதைக்கும் ஒரே அளவு கண்டிப்பு தேவையில்லை. தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தம் பூவிலேயே சேர்ந்துகொள்பவை, அவற்றைக் கவலையில்லாமல் கொடுக்கலாம், வாங்கலாம். மிளகாயும் கத்தரியும் வெண்டையும் ஓரளவு கலக்கும். கலந்தால் நிறமோ காரமோ மாறும், உயிருக்கு ஆபத்தில்லை. தண்டுக்கீரையின் மகரந்தம் காற்றிலேயே பறக்கும். ஆனால் சுரை, பீர்க்கு, புடலை மூன்றுக்கும் காட்டில் பேய்ப் பெயர் கொண்ட கசப்பு உறவினர்கள் இருக்கிறார்கள்: பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. இந்தியாவின் விதைச் சான்றளிப்பு விதிகள் இவ்வகைக் கொடிக்காய்களில், உழவர்களுக்கு விற்கும் சான்று விதைக்கு 500 மீட்டரும், அந்த விதையைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு 1000 மீட்டரும் மற்ற ரகக் கொடிகளிலிருந்து இடைவெளி கேட்கின்றன. நகரத்து மாடியில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீடு, எத்தனை காலி மனை! ஆகவே மாடியில் கொடிக்காய் விதை எடுக்க ஒரே வழி, கையால் சேர்ப்பது. மறுநாள் மலரப் போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் இன்றே நூலால் கட்டிவிட்டு, மலரும் நேரத்தில் அவிழ்த்து, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூலகமுடியில் தடவி, மறுபடி கட்டி, காம்பில் வண்ண நூல் ஒன்றைச் சுற்றி அடையாளம் வைக்க வேண்டும். சுரைக்கும் பீர்க்குக்கும் மாலையில், பூசணிக்கு விடியற்காலையில். பத்து நிமிட வேலை. செய்தவர் "கையால் சேர்த்தது" என்று பையின் மேல் எழுதட்டும். செய்யாதவர் "தானாகச் சேர்ந்தது, முதல் காயைச் சுவைத்துப் பார்க்கவும்" என்று எழுதினால் அதுவும் நேர்மைதான்.

இன்னொரு குறை, கலப்பினால் வந்ததே அல்ல. சென்ற ஆண்டு நான் அனுப்பிய பட்டை அவரையைச் சித்திரையில் ஊன்றிய சகோதரி ஒருவர், கொடி இருபது அடி ஓடியும் ஐப்பசி வரை ஒரு பூ இல்லை என்று குழுவில் வருந்தியிருந்தார். அது பகற்பொழுது சுருங்கினால்தான் பூக்கும் பழைய வகை. எங்கள் வீட்டில் ஆடியில் ஊன்றி, கார்த்திகையில் பூ பார்த்து, பொங்கலுக்குக் காய் பறிப்போம். இது எனக்கு மிகப் பழகிய செய்தி என்பதால் பையின் மேல் எழுதத் தோன்றவில்லை. அதாவது, குறிப்பில்லாமல் அனுப்பிய குற்றவாளிகளில் நானும் ஒருத்தி. ஏழு மாதம் ஒரு வாளியையும் ஒருவருடைய பொறுமையையும் நான் வீணாக்கியிருக்கிறேன்.

"நாட்டு" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் வாங்கிய ஒட்டுரகத் தக்காளியைப் பழுக்கவைத்து எடுத்த விதையும் நாட்டு விதை, பாட்டி பரணில் வைத்திருந்ததும் நாட்டு விதை என்றால் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? முதல் தலைமுறை ஒட்டுரகத்தின் விதையை ஊன்றினால் செடிக்குச் செடி வேறு காய் வரும். ஒருமுறை விற்பனைக்காரர் ஒருவரிடம் "நாட்டு வெண்டை" என்று வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தபோது, விதைகள் ரோஜா நிறப் பூஞ்சாணக்கொல்லிப் பூச்சோடு இருந்தன. பாட்டி எந்தக் காலத்தில் விதைக்குச் சாயம் பூசினாள்!

விதையோடு குறிப்பும் வேண்டும் என்று நான் முதலில் குழுவில் சொன்னபோது எழுந்த எதிர்ப்பும் நியாயமற்றதன்று. "காசு வாங்காமல் கொடுக்கிறேன், அஞ்சல் செலவும் என்னுடையது, இதற்கும் சான்றிதழ் கேட்டால் யார் கொடுப்பார்கள்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். பல்லைப் பார்க்க வேண்டாம் ஐயா, ஆனால் எத்தனையாவது ஈற்று என்று கேட்டால் தானம் கொடுத்தவருக்கும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? புதியவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்பது இரண்டாவது வாதம். என் அனுபவம் நேர்மாறானது. ஏன் என்று தெரியாமல் தோற்பவர்கள்தாம் ஒதுங்குகிறார்கள், தன் கை ராசியில்லாத கை என்று முடிவு கட்டி வாளிகளைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

சட்டமும் இந்தப் பகிர்வுக்கு எதிராக இல்லை. 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், உழவர்கள் விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. முத்திரையில்லாத விதைக்கு நம்பிக்கைதான் முத்திரை. அந்த நம்பிக்கையை முறையாக வளர்த்துக் காட்டியவர் மறைந்த நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய நெல்லை வாங்கிச் செல்லும் உழவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை பெருகியது என்பதைவிட, வாங்கியவர் திரும்பி வந்தார் என்பதே எனக்கு அதில் பெரிதாகப் படுகிறது. திரும்பி வருபவர், எந்த மண்ணில் சாய்ந்தது, எந்த மழையைத் தாங்கியது என்று சொல்லாமலா போவார்? நம் குழுவில் "கிடைத்தது, நன்றி" என்பதோடு உறவு முடிந்துவிடுகிறது. முளைத்ததா, காய்த்ததா, கசந்ததா என்று ஆறு மாதம் கழித்து எழுதுபவர்கள் மிகவும் குறைவு.

நானும் அந்தச் சுரை கசந்ததை உடனே குழுவில் போடாமல், முதலில் அனுப்பியவருக்குத் தனியாகத்தான் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை, மனம் புண்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. அவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கும் மனையில், சீமைக்கருவேலத்தின் மேல் ஒரு சுரைக்கொடி. குண்டுக் குண்டாகக் காய்கள். "இது இத்தனை நாள் இங்கேதான் இருந்திருக்கிறது. நான் தலையை நீட்டிப் பார்த்ததே இல்லை" என்று எழுதியிருந்தார். அந்த ஆண்டு விதை வாங்கிய பதினோரு பேருக்கும் அவரே தகவல் அனுப்பி, ஊன்ற வேண்டாம் என்றும், ஊன்றியிருந்தால் சுவைத்துப் பார்க்காமல் சமைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இந்த ஆனியில் அவரிடமிருந்து மறுபடி ஓர் உறை வந்தது. அதே பிளாஸ்டிக் பை, இம்முறை ஐந்தே விதை, கூடவே நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: "நீளச் சுரை. மொட்டு கட்டி, தை 14 மாலை ஆறரைக்குக் கையால் சேர்த்தது. சிவப்பு நூல் கட்டிய காய். செம்மண் நிலம், கிணற்றுத் தண்ணீர். இரண்டு விதை நான் ஊன்றிப் பார்த்தேன், காய் கசக்கவில்லை. இருந்தாலும் அம்மாவை ஒரு சில்லு பார்க்கச் சொல்லவும்."