சுல்தான்ஹிசார் டார்பிடோவால் மூழ்கடிக்கவில்லை

"1915-ல் துருக்கியின் சுல்தான்ஹிசார் படகு ஆஸ்திரேலிய நீர்மூழ்கி ஏஇ2-ஐ டார்பிடோ அடித்து மூழ்கடித்தது" என்று சொல்லப்படுவது பாதிதான் சரி. வென்றது சுல்தான்ஹிசார்தான். ஆனால் அது விட்ட டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் குண்டு) எதுவும் படவில்லை.

ஏப்ரல் 30 அன்று மர்மரா கடலில் ஏஇ2-இன் சமநிலை குலைந்தது. நீரின் அடர்த்தி மாறியதே காரணம் என்பார்கள். முன்பகுதி மேலெழும்பி நீர்மட்டத்துக்கு வந்துவிட்டது. மறுபடி மூழ்கியபோது பாதுகாப்பான ஆழத்தையும் தாண்டி இறங்கியது. மூழ்குவதற்காக நீர் நிரப்பும் நிலைப்புத் தொட்டிகளின் நீரை வெளியேற்றியதும் திரும்ப மேலே வந்தது. அப்போது சுல்தான்ஹிசாரின் சிறிய 37 மி.மீ. பீரங்கிக் குண்டுகள் எஞ்சின் அறைப் பக்கம் உடற்சுவரைத் துளைத்தன. துளை விழுந்த நீர்மூழ்கி இனி மூழ்கினால் எழாது. எனவே கப்பல் தலைவர் ஸ்டோக்கர் ஆட்களை வெளியேற்றிவிட்டு அவரே அதை மூழ்கடிக்கச் செய்தார். 32 பேரும் உயிரோடு சிறைப்பட்டார்கள். டார்பிடோ பட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

1998-ல் சிதைவு ஏறத்தாழ 73 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது.

இன்னொன்று: மானிட்டூ என்ற பிரிட்டிஷ் துருப்புக் கப்பலைத் தாக்கியதும் சுல்தான்ஹிசார்தான் என்று நினைத்தால், அதுவும் சரியல்ல. தாக்கியது அதே வகைத் துருக்கிப் படகான தெமிர்ஹிசார், 1915 ஏப்ரல் 16 அன்று. அதன் டார்பிடோக்களும் தவறின. உயிர்ச்சேதம் உயிர்காப்புப் படகுகளை இறக்கிய குழப்பத்தில் நேர்ந்தது.