வாட் மட்டும் பார்த்தால் போதாது

சப்வூஃபருக்கு (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது வாட் அதிகமாக இருந்தால் போதும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ (கணநேர உச்ச வாட்) எண்ணால் ஒரு பயனும் கிடையாது. ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரும் வாட் எவ்வளவு, அதுவும் எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) உள்ள ஸ்பீக்கரில் என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 10 அங்குல வூஃபருக்காக 100 வாட் என்று போட்டிருந்த ஒரு கிளாஸ் டி (ஒரு வகை ஆம்ப்) போர்டு வாங்கி, வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டினேன். படத்தில் இடி இடிக்கும்போது கோன் 'பட் பட்'டென்று தட்டியதே தவிர, அதிர்வு நெஞ்சில் இறங்கவில்லை. 12 வோல்ட்டில் 4 ஓம் வூஃபருக்கு ஒலி சிதையாமல் 18 வாட்டுக்கு மேல் வராது என்பது பிறகுதான் புரிந்தது. 24 வோல்ட் சப்ளை மாற்றியதும் அதே போர்டு, அதே வூஃபர், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது!

அப்புறம், ஹோம் தியேட்டர் ரிசீவரின் சப் அவுட்டில் (சப்வூஃபருக்கான வெளியீடு) வருவது லைன் சிக்னல்தான், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பலம் இல்லாத சிக்னல். வூஃபரை நேராக அதில் மாட்டினால் வேலைக்கு ஆகாது, நடுவில் ஆம்ப் கட்டாயம் வேண்டும். கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் வைத்துவிட்டு, ஆம்பில் உள்ள ஃபில்டர் குமிழை அதிகபட்ச ஹெர்ட்ஸ் வரை திறந்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் பேஸ் மெலிந்துவிடும்.

இரட்டை வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள் இரண்டு) உள்ள வூஃபர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 4 ஓம் காயில்கள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும், பல ஆம்புகள் அதைத் தாங்காது. தொடராகச் சேர்த்தால் 8 ஓம். வாட் குறையும், ஆனால் ஆம்ப் பிழைக்கும். வாட்டைப் பாதியாக்கினாலும் குறைவது 3 டெசிபல்தான்.