தூங்கினவளை விடுங்கள், டியூட்டி லிஸ்ட்டைக் காட்டுங்கள்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. குடும்ப குரூப், ஸ்கூல் குரூப், அபார்ட்மென்ட் குரூப் வரைக்கும் வந்துவிட்டது. அரசு மருத்துவமனையின் காஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், மேஜையில் தலை சாய்த்துத் தூங்கும் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். பக்கத்தில் நின்று, "நம்ம வரிப்பணத்துல தூங்குறாங்க பாருங்க" என்று ஒரு குரல். மறுநாளே மருத்துவமனை நிர்வாகம் விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோவும் கொடுத்துவிட்டது. முகம் தெளிவாகத் தெரிகிறது. பகிர்ந்தவர்கள் முதலில் அதை எடுத்துவிடுங்கள். இன்னும் படிப்பே முடியாத பெண் அது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண் எத்தனை மணிக்கு டியூட்டி ஏறினாள்? வீடியோ எடுத்தவர் கேட்கவில்லை, பகிர்ந்தவர்கள் கேட்கவில்லை. மெமோ கொடுத்தவர்கள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுக்குத் தெரியும். லிஸ்ட் போட்டதே அவர்கள்தான்.

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். யூனிட் என்றால் ஒரு சீஃப் டாக்டரின் கீழ் இருக்கும் டாக்டர் குழு. அந்தக் குழு புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். ஓ.பி., வார்டு, காஷுவாலிட்டி, ராத்திரி முழுக்கப் புது அட்மிஷன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றுதான் நினைப்பீர்கள். போக முடியாது. ரவுண்ட்ஸ் இருக்கிறது. ராத்திரி சேர்த்த ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சீஃபிடம் சொல்ல வேண்டும். ஸ்கேனுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும், ரத்த வங்கிக்கு ஓட வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். ஹாஸ்டல் அறைக்குத் திரும்பும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். மறுநாள் காலை மறுபடி வார்டு.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவர் அளவுக்குக் கவனமும் கையும் மந்தமாகும் என்று 1997-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. நம் ஊரில் 0.03-ஐத் தாண்டி வண்டி ஓட்டினாலே வழக்கு. அந்த நிலையில் இருக்கும் ஒருவர் கையில் ஊசியைக் கொடுத்து, குழந்தைக்கு நரம்பு தேடச் சொல்கிறோம். அவள் எத்தனை மணிக்கு டியூட்டி ஏறினாள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

நான் எம்.டி. படித்தபோது எங்கள் பேட்ச் பையன் ஒருவன் டியூட்டி முடித்து பைக்கில் போகும்போது கண் அசந்து சென்டர் மீடியனில் மோதினான். எங்கள் காஷுவாலிட்டிக்கே கொண்டுவந்தார்கள். சட்டைக் கையில் மைக்ரோபோர் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் நாலு பெட் நம்பர், எதிரே ரத்தப் பரிசோதனையில் வந்த பொட்டாசியம், கிரியாட்டினின் அளவுகள். லேபில் போனில் கேட்டதை எழுதிக்கொள்ள அவன் கையில் பேப்பர் இல்லை. தையல் போடும்போது, "ஏழாவது பெட்டுக்கு ரிப்பீட் அனுப்பணும்டா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"உங்களுக்குத் தூக்கம், எங்களுக்கு உயிர்" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அவருக்கு மரியாதையோடுதான் பதில் சொல்கிறேன். அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்திவிட்டு டாக்டரைத் தேடுகிறவருக்குக் கோபம் வரும், வரத்தான் செய்யும். அந்த இடத்தில் நின்றால் நானும் கத்துவேன். ஆனால் அதே வார்டில் வேறு மாதிரி மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி, பேரனுக்கு டெங்கு என்று சேர்த்திருந்த ஒரு பாட்டி, நான் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, செத்த நேரம் உக்காரு. பாட்டில் தீந்தா நான் கூப்புடறேன்" என்றார். தன் முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது ஓர் அரசு அலுவலகத்துக்குத் தெரியவில்லை என்பதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

"தெரிந்துதானே இந்தப் படிப்புக்கு வந்தீர்கள்?" என்கிறவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. மருத்துவம் பார்க்க வந்தோம். அவ்வளவுதான்.

"இதற்கெல்லாம் விதி இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. ரெசிடென்ட் டாக்டர்களின், அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறும் டாக்டர்களின், தொடர் டியூட்டி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம், சுழற்சியில் வார விடுமுறை என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே எழுதிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதியோ 'நியாயமான வேலை நேரம்' என்கிறது. எத்தனை மணி நேரம் நியாயம் என்று எண் போடவில்லை. 2024-ல் அதே ஆணையத்தின் பணிக்குழு மாணவர்களின் மனநலம் பற்றி அறிக்கை கொடுத்தது. கணக்கெடுப்பில் பதில் சொன்ன பி.ஜி.க்களில், அதாவது மேல்படிப்பு மாணவர்களில், 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், பாதிக்கு மேற்பட்டோருக்கு வார விடுமுறையே இல்லை. குழு பரிந்துரைத்த உச்சவரம்பு 74 மணி நேரம். 1992-ல் 48 என்று எழுதிய நாடு 2024-ல் 74 கிடைத்தால் போதும் என்று கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் டாக்டர், 36 மணி நேர டியூட்டிக்கு நடுவே கொஞ்சம் கண் அசரத்தான் செமினார் ஹாலுக்குப் போனார். நாடே மெழுகுவத்தி ஏந்தியது. டியூட்டி டாக்டர் படுக்கப் பூட்டு போட்ட ஓர் அறை எத்தனை மருத்துவமனைகளில் வந்திருக்கிறது? அறை இருந்தால் இந்தப் பெண் எல்லோர் பார்வையிலும் மேஜையில் ஏன் தலை சாய்க்கிறாள்?

நர்ஸ்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக, நிரந்தரம் எப்போது என்று தெரியாமல், ராத்திரி ஒரு வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாங்கிப் பிடிப்பதால்தான் எங்களில் பலர் உடையாமல் இருக்கிறோம்.

பொதுமக்கள் திட்டுவதைக்கூடத் தாங்கிவிடலாம். எனக்கு வலித்தது சீனியர்கள் எழுதியது. "எங்கள் காலத்தில் இரண்டு நாள் தொடர்ந்து நின்றோம், இந்தத் தலைமுறைக்குத் தெம்பில்லை." சார், நீங்கள் நின்றீர்கள், மறுக்கவில்லை. ரெசிடென்ட் என்றால் மருத்துவமனையிலேயே கிடக்க வேண்டும் என்ற முறையை 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவாக்கியவர்களில் ஒருவரான அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் கொகெய்னுக்கு அடிமையாக இருந்தவர். அவர் வகுத்த முறையை அமெரிக்காவே மாற்றத் தொடங்கிவிட்டது. 1984-ல் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் நியூயார்க் மருத்துவமனையில் இறந்த பிறகு ரெசிடென்ட்களின் வேலை நேரம் பற்றிக் கேள்விகள் எழுந்து, 2003-ல் நாடு முழுக்க வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது. அதுவே அதிகம் என்று அங்கே இன்னும் சண்டை போடுகிறார்கள். நீங்கள் பட்டதை உங்கள் மாணவர்களும் பட வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நீங்கள் பெற்ற பிள்ளையிடம் இப்படிச் சொல்வீர்களா?

புது டாக்டர் பணியிடங்களுக்கு அரசாணை வேண்டும், நிதி வேண்டும், வருடங்கள் ஆகும். புரிகிறது. ஆனால் லிஸ்ட் போடும் சீனியர்களே, அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் உங்கள் கையெழுத்தில்தான் வரப்போகிறது. ராத்திரி பார்த்தவர் காலை எட்டரைக்குள் ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று அதில் ஒரு வரி சேர்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்த மெமோவையும் திரும்பப் பெறுங்கள், சார்.